ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சை

மண்டோரின் காலுறைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரப்பர் காட்டில் அட்டைக்குப் பயந்து, பந்து விளையாடுகிறவர்களின் நீளக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொள்வது எங்கள் தோட்டத்து வழக்கம். ஒரு பிப்ரவரி காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையாட்களை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர் ஒரு காலில் சிவப்பும் மறு காலில் பச்சையுமாக வந்து நின்றார். நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மண்டோர் இன்னிக்கி ரெண்டு டீமுக்கும் ஆடப்போறாரு" என்றேன். களமே சிரித்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப இதான் ஃபேசன்லா" என்று தானும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் அதிக நேரம் குனிந்து பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இந்தப் பிப்ரவரியில் சிரம்பானிலிருந்து தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எழுபது வயதில் தனியாக எங்கே என்று மகன் தடுத்தான். இலை பார்க்கப் போகிறேன் என்றேன். இலையுதிர் காலம் பார்க்க ஜப்பானுக்குப் போய் வந்தவன் அவன். அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னது பாதி உண்மை. தம்பினில் தன் மகள் வீட்டில் இருக்கும் மண்டோரிடம் முப்பது வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போனேன்.

புக்கிட் புத்தூஸ் மலையின் பழைய வளைவுப் பாதையில் ஏறி, கோலப்பிலா கடைத்தெருவில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, ஜொஹோல் பக்கம் திரும்பினேன். வழியெல்லாம் செம்பனை. அது இலை உதிர்க்காது. வருடம் முழுக்க ஒரே முகம். ஒரு வளைவு தாண்டியதும் எதிர்ச் சரிவில் யாருடையதோ சின்ன ரப்பர்த் தோப்பு. முழுத் தோப்பும் சிவந்திருந்தது. குங்குமமும் மஞ்சளும் கலந்து கொட்டியதுபோல் அத்தனை இலையும் வெயிலில் நின்றது. காரை ஓரங்கட்டினேன். இருபத்தெட்டு வருடம் இந்த மரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவன், முதல்முறை பார்ப்பவன்போல வாய் பிளந்து நின்றேன். வேலையில் இருந்தபோது இலை விழுந்தால் பால் குறையும் என்றுதான் எல்லாருக்கும் கவலை. அண்ணாந்து பார்க்க யாருக்குத் தோன்றியது?

மண்டோருக்குத் தோன்றியது. ஒவ்வொரு வருடமும் ஆபீஸ் ஜன்னலில் வந்து, "கிராணியாரே, நாளையிலேர்ந்து எல விழும்" என்பார். மறுநாள் விழும். காலுறைக்குச் சிரித்த அதே வாரத்தில், மேட்டுக்காட்டில் நானும் அவரும் நின்றிருந்தோம். மலையே சிவந்து கிடந்தது. "என்னா செவப்பு பாத்தீங்களா" என்றேன். அவர், "எனக்கு அது தெரியாது கிராணியாரே. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். லோரி ஓட்ட ஆசைப்பட்டு லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் நிறம் தெரிகிறதா என்று சோதிக்கும் புள்ளிப் படத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அப்படியானால் இலை விழும் நாள் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "கேளுங்க. காத்துல எல ஒரசுற சத்தம் வேறயாயிரும்." நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்று அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நோய்கண்ட மரத்துக்குச் சிவப்புச் சாயமும், பால் வெட்டும் மரத்துக்குப் பச்சைச் சாயமும் பூசுவது மண்டோர் பொறுப்பு. டின்னில் உள்ள நசுங்கலைத் தடவித்தான் எது எந்தச் சாயம் என்று கண்டுபிடிப்பாராம்.

சில மாதம் கழித்து ஒரு தேநீர் விருந்தில், தோட்டத்து மேனேஜர் தொரையைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அந்த டின் கதையை நான் சொல்லிவிட்டேன். தொரை சிரிக்கவில்லை. அடுத்த வாரமே மண்டோர் புல்வெட்டும் கூட்டத்தில் இருந்தார். யார் சொன்னது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. மறு பிப்ரவரியில், தோளில் வெட்டுக்கத்தியோடு, அதே ஜன்னலில் வந்து நின்றார். "நாளையிலேர்ந்து எல விழும்." அந்த வருடமும் விழுந்தது. பிறகும் வருடம் தவறாமல் வந்தார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பினில் அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"மண்டோர், அன்னிக்கி தொரைகிட்ட சொன்னது நாந்தான்."

"தெரியும்லா" என்றார். "நான் ஒங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

தெரிந்தேதான் அத்தனை வருடமும் என் ஜன்னலுக்கு வந்திருக்கிறார்.

"வர்ற வழியில எல எறங்கிருச்சா?" என்று கேட்டார். ஜொஹோல் பக்கம் ஒரு தோப்பு நிற்கிறது, போகலாமா என்றேன். உள்ளே போய், காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தார். கார்க் கதவைத் திறந்ததும் நின்று, கால்சட்டையை லேசாகத் தூக்கி, இரண்டு காலையும் சேர்த்து வைத்தார்.

"ரெண்டும் ஒரே நெறந்தானா, கொஞ்சம் பாருங்க கிராணியாரே."

நான் குனிந்தேன். அவசரப்படாமல், முதலில் இடது காலை, பிறகு வலது காலைப் பார்த்தேன்.

"ஒரே நெறந்தான் மண்டோர்" என்றேன். ஒரே நிறம்தான்.