மலைப் படமா, பூப் படமா

எங்கள் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனபோது எனக்கு ஒன்பது வயது. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளையான எனக்கு அதுவரை ஏரி என்றால் மாடு மேய்கிற மைதானம், அவ்வளவுதான். அன்று காலை கரையேறியவள் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். அம்மாடி, எவ்வளவு தண்ணீர்! அக்கரைப் பனைமரங்கள் விரல் நீளத்துக்குச் சிறுத்துப்போயிருந்தன. நடுவில் அத்தனை இடத்திலும் வானம் இறங்கிப் படுத்திருந்தது. வழிந்தோடுகிற தண்ணீரில் ஊர்ப் பெண்கள் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். எந்தச் சாமி முன்னாலும் எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

அம்மாவுக்குக் கும்பிட நேரமில்லை. அப்பா குவைத்தில் இருந்தார். "தண்ணியே இல்லாத நெலத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று எங்கள் இரண்டு ஏக்கரை மனை போடுகிறவருக்கு விற்க முடிவு செய்திருந்தார். அன்று மாலைக்குள் அந்த மனைக்காரருக்கு அப்பா சம்மதம் சொல்லவேண்டும். ஏரி நிரம்பிவிட்டது என்று அம்மா போனில் சொன்னதை அப்பா நம்பவில்லை. விற்கவிடாமல் தடுக்க அவள் கதை விடுகிறாளாம். இனி படம் எடுத்துக் காட்டுவது ஒன்றுதான் வழி.

கேமரா அப்பா அனுப்பியதுதான். உள்ளங்கை அளவு இருக்கும். தலையில் ஒரு திருகு, அதைச் சுற்றி மலை, பூ, ஓடுகிற ஆள், நிலா என்று சின்னச் சின்னப் படங்கள். இங்கிலீஷ் படிக்கிறவள் என்ற கெத்தில் நான் வாங்கிக்கொண்டேன். படம் பார்க்க இங்கிலீஷ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"மலையில வெக்கட்டுமாம்மா?"

"மலையா? நம்ம ஊர்ல மலை எங்கடி கீது? பூவுல வை. பூவாச்சும் தண்ணில மெதக்குது."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. "அதோ, அந்த மதகு தெரியற மாதிரி எடு" என்று அம்மா பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். மூன்று படம் எடுப்பதற்குள் பேட்டரி செத்துப்போனது.

உத்திரமேரூர் பிரௌசிங் சென்டரில் பெரிய திரையில் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏரியைக் காணோம். பச்சையும் நீலமுமாக என்னவோ குழம்பிக் கிடந்தது. மூன்றிலும் அம்மாவின் கைதான் பளிச்சென்று இருந்தது, ரேகையை எண்ணலாம்போல. வறண்ட வருஷங்களில் நிலத்தில் மண்டிய வேலிகாத்தானைத் தனியாளாக வெட்டிய கை. முள் கிழித்த வடுக்கள், காய்ப்பு, பாதி போன நகம்.

"பூன்னா கிட்டத்துல கீறதுக்கு பாப்பா. தூரத்துக்கு மலைதான் வெக்கணும்" என்றார் கடைக்காரர்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "வந்தது வந்திச்சி. அனுப்புப்பா" என்றாள் அவரிடம்.

அரை மணியில் அப்பாவிடமிருந்து போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இது யாரு கை?"

"என்னுதுதான். வேற யாருது?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்பாவுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "நெலத்த விக்க வேணாம்" என்றார்.

அத்தனை மங்கலிலும் எங்கள் அப்பா ஏரியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.