விருந்தாளிக்கு ரவை

அடுப்படியில் மருமகள் ரவை வறுக்கிறாள். குப்பனூரிலிருந்து அவள் அப்பா, என் சம்பந்தி, வந்திருக்கிறார். அந்த வாசம் என்னை நான் பிறந்த நாகலூருக்கு இழுத்துக்கொண்டு போனது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் தினமும் ராகிக் களிதான். காய்ச்சல் வந்தால் ரவைக் கஞ்சி கிடைக்கும். ஒருநாள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவசரமாகக் களிச் சட்டியைக் கூடையால் மூடினாள். கடையில் ரவை வாங்கி உப்புமா கிண்டிக் கொடுத்தாள்.

ரைட்டர் தட்டைத் தொடவில்லை.

"காய்ச்சல்காரனுக்கு ரவை நல்லதுங்க, சீக்கிரம் செரிச்சிரும். எனக்குச் சர்க்கரைங்க, தின்னதும் ஏறிக்கும். களி இருந்தா ஒரு உருண்டை குடுங்க."

"அதெல்லாம் எங்க ஊட்டுல கிண்டறதில்லீங்க" என்றாள் அம்மா.

நான் கூடையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "நொம்பப் பசியில்லீங்க" என்று சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனார். அன்று முழுக்க அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. ரவையைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"மாமா, உங்களுக்குக் களி எடுத்தாரட்டுங்களா?" மருமகள் சம்பந்தி முன்னாலேயே கேட்டாள்.

"களியெல்லாம் எதுக்கு கண்ணு? உப்புமாவே போடு" என்றேன்.

சம்பந்தி நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "களி இருக்குதா சாமி? அப்ப எனக்கு அதைப் போடு. இந்த உப்புமா ஒரு மணி நேரங்கூடப் பசி தாங்காது."

அவர் களியைத் தின்று கை கழுவும்வரை நான் தலையைத் தூக்கவில்லை.