மைக்கறையில் பூத்த பூசணி

மொழிபெயர்ப்பாளருக்கு வாய் உண்டு, சொந்தக் கருத்து கிடையாது. வீட்டு ஆட்களுக்காக நடுவில் இருந்து கதைத்து, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியிருந்தால் உங்களுக்கும் இது நல்லா விளங்கும். 2011இல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டண்டினொங் நகரில் ஒரு உளவியலாளரிடம் மொழிபெயர்க்கப் போய்வந்தேன். எங்கட ஆட்களுக்கு அவ டொக்டர். மைக்கறை அட்டைகளைக் காட்டி, "இது என்னவாக இருக்கலாம்?" என்று கேட்பா. வருகிற பதிலை வைத்து ஆளின் மனதை மதிப்பிடுவா.

கைலேஞ்சி

நித்திரை வராமல் வந்த அன்ரி ஒருவர், முதல் அட்டையைக் கண்டதும் கைலேஞ்சியை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிட்டார். கறை போனால்தானே! டொக்டர் அதையும் குறித்துக்கொள்ள, அன்ரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பக்கம் திரும்பினார்: "பிள்ளை, மையை ஊத்தினது அவ, கேள்வி எனக்கோ?"

பூக்கடை

ரவி பொருட்கிடங்கில் வேலை செய்தவன். சிநேகிதனின் கை இயந்திரத்தில் மாட்டியபோது பக்கத்தில் நின்றவன். மனம் சரி என்று டொக்டர் எழுதினால்தான் திரும்ப வேலைக்கு எடுப்பார்கள். பாவம், பயந்துபோய் வந்திருந்தான்.

முதல் அட்டைக்குச் செவ்வரத்தம்பூ என்றான். அடுத்தது தாமரை. அதற்கடுத்தது நித்தியகல்யாணி. அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ஐயோ, நான் திணறிப்போனேன். சிவப்பு மை அட்டை வந்ததும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் விடவில்லை, பூசணிப்பூ என்றான். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, யார் சொல்லித் தந்தது என்று கேட்டா. ரவி தலையைக் குனிந்தான்: "என்னோட ஒரே வீட்டில இருக்கிற பெடியள்தான் அக்கா. ரத்தம் எண்டால் பெயிலாம், பூ எண்டால் பாஸாம்."

சிவப்பு அட்டை

இதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை என்றா டொக்டர். ரவி அந்த அட்டையைத் திரும்பவும் பார்த்தான். "ரத்தம்தான். அவன்ர கை. நான் சுவிச்சை நிப்பாட்டப் பிந்திப்போட்டன்" என்று சொல்லி விம்மி அழுதான்.

எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றே சொல்லவேண்டும். நான் பிந்திவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது. டொக்டர் டிஷ்யூப் பெட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தா.

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை வந்து, அந்த நாளைப் பற்றியே கதைத்தான். கடைசியில் டொக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தா. வாசலில் நின்று சிரித்தான்: "அக்கா, திங்கக்கிழமை வேலைக்குப் போறன். வீட்டுப் பெடியளிட்டயும் சொல்லிப்போட்டன், இஞ்ச வந்தால் கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லுங்கோ, பூ வேண்டாம் எண்டு."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.