அழகனுக்கு வந்த பணிவு

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எந்தத் துரைக்கு முன்னாலும் கைகட்டி நிற்காதவன் என்று பெயர் வாங்கியவன் அழகன். அந்தப் பெயரைத் தவிர அவன் சேர்த்த சொத்து ஒன்றும் கிடையாது. இருபத்தெட்டு வருசமாகக் கவ்வாத்து வேலை. முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் ஓங்கி வெட்டி மட்டமாக்க வேண்டும். காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையில் கைகட்டி நிற்கையில் இவன் மட்டும் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல நிற்பான்.

வினை வலது முழங்கை வழியாக வந்தது. போன மழைக்காலத்திலிருந்து கையை நீட்ட முடியவில்லை. மடக்கி, இடக்கையால் தாங்கிப் பிடித்தால்தான் வலி அடங்கியது. பார்ப்பவர்களுக்கு அது அச்சு அசல் கைகட்டி நிற்பதுதான். பெரிய துரைக்கு அடுத்த நிலையில் புதிதாக வந்த சின்னத்துரை, "அழகன் நல்ல மரியாதை தெரிஞ்ச ஆள்" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சிரித்தது. "மாமா, அடுத்து கால்ல விழுவீங்களா?" என்று கேட்டான் கூட வெட்டும் விஜிதரன். அழகனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

மனைவி ராக்காயி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"உள்பக்கம் பரவால்ல. வெளிப்பக்கத்து மூட்டுலதான் இடைவெளியே இல்ல. எலும்புக்கு மேல மெத்த மாதிரி இருக்கிற குருத்தெலும்பு தேஞ்சிருச்சு. ஓரத்துல எலும்பு துருத்தி நிக்குது, அதான் கை நீள மாட்டேங்குது. இனிமே கத்தி பிடிக்காதீங்க."

"தேஞ்சது வாயா இருந்திருந்தா லயமே நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள் ராக்காயி.

படத்தைக் காட்டினால் கவ்வாத்து போகும். ஒளித்தால் பெயர் போகும். இரண்டு நாள் படம் பாய்க்கு அடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அழகன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போனான். சின்னத்துரை அவனைப் பார்த்ததும், "எல்லாரும் இவர் மாதிரி இருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"தொரை, இது மரியாதை இல்லீங்க" என்று படத்தை உயர்த்தினான் அழகன். "தேய்மானம்."

பெரட்டே சிரித்தது. சின்னத்துரை முகம் சிவக்கப் படத்தைப் பார்த்தார்.

"அப்ப கவ்வாத்து ஏலாது. நாத்துக்குத் தண்ணி ஊத்தப் போங்க. கத்திய தாங்க."

பெற்ற பிள்ளைகளைவிட அந்தக் கத்தியைத்தான் அழகன் அதிகம் தூக்கியிருக்கிறான். இடுப்பிலிருந்து உருவி இடக்கையால் நீட்டினான். துரைக்கு இடக்கையால் எதையும் கொடுத்தவன் அந்தத் தோட்டத்தில் அதுவரை கிடையாது. வலக்கை நீளாது என்று படமே சொல்லிவிட்டதால், துரை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.