இருமலுக்குத் திறந்த வழி

ஊரடங்கு போட்டபோது திண்டிவனத்தில் எனக்குப் பக்கத்துக் குடித்தனக்காரன் ஆம்னி பஸ் டிரைவர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான். அந்த நாட்களில்தான் அவன் மனைவி சிரித்துக் கேட்டிருக்கிறேன். பஸ் நின்றதும் அவன் வீட்டோடு கிடந்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதில் அவள் தலை மோதுவது என் தையல் மிஷின் சத்தத்தைத் தாண்டியும் கேட்டது. எதிர்வீட்டில் உடனே டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். ஊரில் திருட்டே இல்லை, ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று அந்த டிவியில் யாரோ பூரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை, அவன் குளிக்கப் போன நேரத்தில், உதடு கிழிந்து என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, விழுப்புரத்துல எங்க அண்ணன் வூட்ல வுட்டுடுக்கா. இங்க இருந்தா செத்துடுவேன்."

ஸ்கூட்டரில் கிளம்பினோம். மேம்பாலத்துக்குக் கீழே தடுப்பு போட்டிருந்தார்கள். அங்கிருந்த போலீஸ்காரரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"மாஸ்க் எங்கம்மா?" என்றார் அவளிடம்.

அவள் முந்தானையை விலக்கி உதட்டைக் காட்டினாள்.

"இதெல்லாம் வூட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கணும். இதுக்குன்னு ஊர் சுத்திக்கினு இருந்தா வண்டியப் புடுங்கிடுவேன். திரும்பு."

பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னார்.

திரும்புவதுபோல் திரும்பி, ஏரிக்கரை மண்ரோட்டில் சுற்றி, விக்கிரவாண்டிப் பக்கம் மெயின்ரோட்டில் ஏறினோம். அங்கேயும் தடுப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் இருமினாள். நெஞ்சைப் பிளக்கிற இருமல்.

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறோம் சார், ஜுரம்..." என்றேன்.

நின்றிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். "ஜல்தி போ, போ!" ஒருவர் லத்தியாலேயே தடுப்பைத் தள்ளிவிட்டார். கிழிந்த உதட்டுக்கு விடாத வழியை ஒரு பொய் இருமலுக்கு விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள்.

விழுப்புரத்தில் அண்ணி அவளைக் கொல்லையில் குளிக்கச் சொல்லிவிட்டு, பிறகு சோறு போட்டாள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் அவன் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பூவும் பழமுமாகப் போனான். "இன்னொரு தபா அடைச்சி வெச்சா நான் எங்க ஓடுறது? வரமாட்டேன்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இப்போது அங்கேயே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

அவனைத்தான் எங்கள் தெரு பாவம் என்கிறது. முறை வைத்துக் குழம்பு கொடுத்தனுப்புகிறது. போன மாதம் ஜாக்கெட் தைக்க வந்தவள், "அந்தப் பொண்ணு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போயிருக்கலாம்" என்றாள். துணியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வேறு கடை பார்க்கச் சொன்னேன்.