இரண்டு சதுக்கத்திலும் ஒலித்த குரல்

கோல்னஸார் கல்யாண வீடுகளில் வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்துபவர். பக்கத்தில் உட்கார்ந்து நான் தாயிரா மேளம் தட்டுவேன். எங்கள் தலைநகர் துஷான்பேயில் அந்தக் குரல் தெரியாத ஆளில்லை.

உள்நாட்டுப் போர் மூண்ட அந்த வசந்தத்தில் கல்யாணங்கள் நின்றுபோயின. நகரத்தின் ஒரு சதுக்கத்தில் அரசை எதிர்ப்பவர்கள் கூடாரம் போட்டார்கள். சற்றுத் தள்ளி இன்னொன்றில் அரசின் ஆதரவாளர்கள். இரண்டு பக்கமும் பொழுதெல்லாம் பேச்சு. பேச்சாளர்கள் இளைப்பாறும்போது கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள, எதிர்ப்பாளர்கள் கோல்னஸாரைக் கூப்பிட்டார்கள். போனார். அரசியல் மேல் பிடிப்பெல்லாம் கிடையாது. இவ்வளவு சனத்தை எந்த வார்த்தை உட்கார வைக்கிறது என்று பார்க்கும் ஆசை.

"ரெண்டு பக்கமும் ஒரே பழமொழியத்தான் சொல்றானுங்கடா," என்பார் என்னிடம். "கை மட்டும் வேற பக்கம் நீளுது."

ஒருநாள் ரொட்டி விற்கும் ஸேவர்பி மேடையோரம் வந்து அவர் சட்டையை இழுத்தாள்.

"அண்ணே, எங்க ஊர்க்காரி ஒருத்தி சாகக் கெடக்கா. சின்ன மவன் அஷுர்மாத் இங்கதான் எங்கயோ இருக்கான். கூப்பிட்டு விடுங்க."

"பெரியவன் எங்க?"

"பெரியவன் குல்மாத் அந்தச் சதுக்கத்துல. அங்க போக எனக்குப் பயமா இருக்கு."

கோல்னஸார் ஒலிபெருக்கியில் அஷுர்மாதை அழைத்தார். அம்மாவுக்கு முடியவில்லை, வீட்டுக்குப் போ என்றார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள்.

மேடைப் பொறுப்பாளர் பாய்ந்து வந்தார். "ஆளச் சேக்கச் சொன்னா, அனுப்பி வைக்கிறியா? எறங்குய்யா!"

இறங்கியவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே மற்ற சதுக்கத்துக்கு நடந்தார். "அண்ணே, ஒதைப்பாங்க," என்றேன்.

"ஒதைக்கட்டும். பெரியவனுக்கு யாரு சொல்றது? அதோட, இவங்க கேப்பாங்களான்னு பாக்கணும்ல."

எதிராளி மேடையிலிருந்து துரத்தப்பட்டவர் என்றதும் அங்கே தடபுடலாக வரவேற்றார்கள். ஒலிபெருக்கியைக் கையில் திணித்தார்கள்.

"அஷுர்மாத் அங்கேருந்து கெளம்பிட்டான்," என்று ஆரம்பித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. "ஓடுறானுங்க! ஓடுறானுங்க!"

"ஓடலய்யா. அம்மாவப் பாக்கப் போயிருக்கான். அவன் அண்ணன் குல்மாத் இங்க இருக்கான். தம்பி போயிட்டான், நீயும் போ."

ஆர்ப்பாட்டம் அப்படியே அடங்கியது. தாடி வைத்த ஒரு முரட்டு ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் வந்து நின்றான்.

"அம்மா பேசுதா?"

"தெரியல தம்பி. போய்ப் பாரு."

அவன் போனான். அடுத்த நிமிடம் யாரோ ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்கள். இன்னொரு கை கோல்னஸாரின் வாயில் இறங்கியது. முன்பல் ஒன்று போயிற்று. நான்தான் தோள் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "சத்தம் நின்னுச்சு பாத்தியா? எந்த வார்த்தைக்கு நின்னுச்சு?"

ஸேவர்பி பிறகு வந்து சொன்னாள். இருவரும் போய்ச் சேரும்போது அம்மாவுக்கு உயிர் இருந்ததாம். சவப்பெட்டியை இருவரும் தூக்கினார்களாம். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

கோடையில் போர் முற்றியது. ஸேவர்பியின் ஊர் இருந்த பள்ளத்தாக்கு எரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் கோல்னஸார் அந்தச் சகோதரர்களைப் பற்றி விசாரித்தார். சமாதானம் வந்தபின்தான் தெரிந்தது: பெரியவன் துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டு, ஒரு காலை இழந்து ஊர் திரும்பியிருக்கிறான். சின்னவன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். பண்டிகைக்கு அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிடுகிறானாம்.

"என்ன பேசிக்குவாங்க?" என்று கேட்டார் கோல்னஸார், சேதி சொன்னவரிடம்.

"யாருக்குத் தெரியும்? ரொம்ப நேரம் பேசுறாங்க."