நான் பார்த்திராத ஆப்பிள்

குழந்தைகளே, திருவனந்தபுரத்தில் கல்லூரிச் சித்திர வகுப்பில் ஆசையோடு சேர்ந்தேன். அச்சுப் படங்களைப் பார்த்து எழுதுவதுதான் அங்கே பாடம். ஒரு நாள் நிறமில்லாத ஆப்பிள் படம் ஒன்றை வைத்தார்கள். நான் ஆப்பிளைக் கண்டதில்லை. ஊரில் கண்ட கொல்லாம்பழத்தின், அதாவது முந்திரிப்பழத்தின், சிவப்பையும் மஞ்சளையும் பூசினேன். வாத்தியார் ஏன் இந்த நிறம் என்று கேட்காமலே படத்தின் குறுக்கே கோடிழுத்துவிட்டார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனம் மரத்துவிட்டது. படிப்பை விட்டு என் ஊரான குளத்தூருக்கே திரும்பினேன். பல மாதம் தூரிகையைத் தொடவில்லை.

பக்கத்துப் பாறசாலையில் நாடகத்திரை எழுதும் செல்லப்பனும் தாணுவும் என் சிநேகிதர்கள். அவர்களிடம் வாத்தியார் கோடிழுத்த அந்தத் தாளைக் காட்டினேன்.

"எலே, இந்தக் கொல்லாம்பழத்தப் பாத்தாலே தொண்ட கரகரக்குதே!" என்று சிரித்தான் செல்லப்பன்.

"நாளைக்கு வா மக்கா, திரையில தோட்டம் எழுத ஆளில்ல," என்றான் தாணு.

"எனக்கு வராதுலே," என்றேன்.

"பின்ன இத ஆரு எழுதினது?" என்று தாளைத் தூக்கிக் காட்டினான் தாணு.

மறுநாள் போனேன். உற்சாகம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனாலும் மாலைவரை கை ஓடியது.

இப்போது என் மகள் ஐந்து கால் யானையை எழுதிக் கொண்டுவந்தாலும் நான் திருத்துவதற்குப் பென்சிலை எடுப்பதில்லை. "இது எங்க போவுது மக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.